பட்டிமண்டபமும் கன்மாப்பலகையும்

கற்றோர் ஒருங்கு கூடித் தத்தம் புலமையை அவையோர் முன்னர் நிறுத்தி அளந்தறியும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. செய்யுள் இயற்றுவோரும் கூத்து நிகழ்த்துவோரும் விழாக்களிற் போட்டியிட்டுப் பரிசில் பெறுதல் இக்காலத்தும் காணப்படுவதே. ஆயின், அப்போட்டியின் பயன் யாது, வெற்றியைத் துணிந்துரைத்தற்கு உரியார் யாவர் என்னும் வினாக்கட்கு நம் முன்னோர் கண்ட விடையே ஈண்டு ஆராயத்தக்கது.

காவிரிப்பூம்பட்டினத்துச் செய்தியை முதற்கண் நோக்குவோம். பல்வகைக் கேள்வியிலும் வல்ல நல்லாசிரியர் தம்மொடு வாதிடுவாரை அழைத்தற்குக் கொடி உயர்த்தியிருந்தமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் கூறினார். அந்நகரத்துப் பட்டிமண்டபம் மகத வேந்தன் சோழனுக்குத் தந்ததென்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். அம்மண்டபத்தில் நிகழ்ந்தது யாதென்பதை மணிமேகலையின் விழாவறை காதை தெளிவுறுத்தும். இந்திரவிழா 28 நாள் நடைபெறும் என யானைமேல் முரசறைந்து சாற்றும் வள்ளுவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறுமாறு அழைக்கின்றான். அவ்வளவில் நில்லாது, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது அகல்க என்றும் அறிவிக்கின்றான். வாதத்திற்கு அழைத்த வாயே கலாம் விலக்கியமை கருதற்பாலது. அன்றியும், பௌத்த நூலாகிய அதன்கண்ணே, அவ்விழாவில் வழிபடப்படுந் தெய்வங்களை எண்ணுமிடத்து, நெற்றிக்கண்ணுடைய இறைவனே முதலில் வைக்கப்பட்டான். அக்காலத்துச் சமயவாதம் எத்தகைய நடுவுநிலையில் நின்றதென்பதற்கு இஃதொரு சான்றாம்.

கூத்தின் திறத்திலும் முறை பிறழாமையே பெரிதாகக் கொள்ளப்பட்டது. மாதவி 7 ஆண்டு பயின்று, 12-ஆம் ஆண்டிற் சோழன் முன் அரங்கேறினாள். அவ்வரங்கு 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடையது. பகையரசரது வெண்கொற்றக் குடைக்காம்பாற் செய்து, மணி பதித்துப் பொன் தகடு பொதிந்த தலைக்கோல், இந்திரன் மகன் சயந்தனாகக் கருதி வழிபடப்பட்டது. அரசுவா அதனை ஏந்தி வந்து, தேரை வலஞ்செய்து, தேர்மேல் நின்ற கவியின் கையிற் கொடுத்ததென இளங்கோவடிகள் கூறுகின்றார். ஆடல் மகளின் சிறப்பிற்குரிய கோல் புலவன் கைவழியே அரங்கம் புகுந்தது. இயலும் இசையும் கூத்தும் வேறு வேறு நில்லாமை இதனால் விளங்கும். முறையின் வழாது ஆடிய மாதவி தலைக்கோற் சிறப்பும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள்.

இனி, வெற்றியைத் துணிபவர் யாவர் என்னும் வினாவிற்கு இறையனார் களவியலின் உரைப்பாயிரம் விடை தருகின்றது. பாண்டிநாட்டில் 12 ஆண்டு வற்கடம் நிகழ்ந்தது. அது நீங்கியபின் பொருளதிகாரம் வல்லாரைப் பெறாது அரசன் வருந்தினான். ஆலவாய்ப் பெருமான் 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின் கீழ் இட்டருளினான். சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனி உரை கண்டு, தத்தம் உரையே சிறந்ததென்று மாறுபட்டனர். அவர்க்கு நடுவனாவார் ஒருவரும் இலராயினர். அவ்வழி இறைவன் காட்டிய காரணிகன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். அவன் 5 வயதுப் பிள்ளை, வாய் பேசாதவன்!

புலவர் அவனைக் கன்மாப்பலகைமேல் இருத்தித் தாம் கீழிருந்து உரை கூறினர். ஏனையோர் உரைத்தபோது அவன் வாளாவிருந்தான். மருதனிளநாகனார் உரையில் ஒரோவிடத்துக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைத்தபோதோ பதந்தோறும் அவ்வாறாயினான். அதுவே மெய்யுரை என யாவரும் ஒருப்பட்டனர்.

இவ்வுரையிற் பாண்டிக்கோவைச் செய்யுட்கள் எடுத்தாளப்படுதலின், இன்றுள்ள வடிவில் இஃது எழுத்துருப் பெற்ற காலம் ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். வரலாற்று நிகழ்ச்சி எவ்வாறாயினும், தமிழ்ப் புலவர் தம் போட்டிக்கு வகுத்துக்கொண்ட நெறி இதனாற் புலனாகும். சொல்வன்மை மிக்க 49 பேர்க்கும் சொல்லற்ற பிள்ளை நடுவனாயினான். கண்ணீரும் மெய்ப்பாடுமே அவனது தீர்ப்பாயின. செருக்கிற்கு அங்கு இடம் ஏது?

இறைவன் நூல் தந்தான், நடுவனையும் தந்தான், தானே புலவனாய் அவையும் ஏறினான். தருமிக்குப் பொற்கிழி அருளிய அச்செயலை அப்பரடிகள் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்துப் பாடியிருத்தலின், அவ்வரலாறு பரஞ்சோதி முனிவர்க்குப் பன்னூற்றாண்டு முற்பட்டு வழங்கியதென்பது தேற்றம்.

பட்டிமண்டபத்து ஒழுங்கு நம் சாத்திரத்துள்ளும் தொடர்ந்து வந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றன் கொள்கையையும் அம்மதத்தார் கூற்றாகவே முன்னர் நிறுத்தி, அதன்பின்னரே மறுத்தார். பிறன் கூற்றைச் செவ்விதின் அறியாது மறுத்தல் வாதமாகாதென்பது அவ்வாசிரியர் கருத்தாதல் தெளிவு.

இவ்வனைத்திற்கும் முடிமணியாவது மணிவாசகர் திருவாக்கு. திருச்சதகத்துள் அவர், எட்டும் இரண்டும் அறியாத தம்மை யாவரும் காணப் பட்டிமண்டபம் ஏற்றினாய் என்று இறைவனை நோக்கி உருகுகின்றார். தமிழ் எண்ணில் எட்டு அகர வடிவும், இரண்டு உகர வடிவும், அவை கூடிய பத்து யகர வடிவும் ஆம். யகரம் திருவைந்தெழுத்தில் உயிரைக் குறிக்கும். வாதிகள் தம் வன்மையால் ஏறிய மேடையில், ஒன்றும் அறியேன் என்பாரை அருள் ஏற்றிவைத்தது. பசுஞானத்தால் ஏறுவோர் பிறரை வெல்வர். திருவருளால் ஏற்றப்படுவோர் தம்மை வெல்வர்.

விழாவரங்குகளிற் பரிசு வழங்குவோரும் பெறுவோரும் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் நன்று. கைதட்டலின் ஒலி அவையோடு அடங்கும். உருத்திரசன்மன் கண்ணீரோ நக்கீரர் உரையை இன்றுங் காத்து நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.