முன்சீப் எழுதிய நாவல்

நம் நாட்டின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் பலர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்பது வேடிக்கையான உண்மை. வங்காளத்து பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்ட்ரேட். தமிழின் முதல் நாவலை 1879ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப். பத்மாவதி சரித்திரம் எழுதிய நம் மாதவையா உப்பு இலாகாவில் அதிகாரி. பகல் முழுவதும் பிறர் வழக்கைக் கேட்டவர்களுக்கு மனித சுபாவம் நன்றாகவே பிடிபட்டிருக்க வேண்டும். எனக்கும் 36 வருஷ சர்வீஸ் உண்டு. ஆனால் நான் பார்த்ததெல்லாம் வவுச்சர்கள்தான்.

இந்த வரிசையில் வரும் இன்னொரு முன்சீப்பைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அவர் மலபாரைச் சேர்ந்த ஒ. சந்து மேனோன் (1847-1899). 1980களில் நான் கோழிக்கோட்டில் மூன்று வருஷம் பணியாற்றியபோது, மலையாளம் கற்றுக்கொள்ள ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்த புத்தகம் அவருடைய 'இந்துலேகா'. அகராதியை வைத்துக்கொண்டு படித்ததில் முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அவர் அதை எழுத எடுத்துக்கொண்டதோ சுமார் இரண்டு மாதம்தான்! 1889 ஜூன் 11ந் தேதி ஆரம்பித்து ஆகஸ்ட் 17ந் தேதி முடித்துவிட்டார். அப்போது பரப்பனங்காடியில் முன்சீப்.

எழுதக் காரணம் அவருடைய மனைவி. ஓய்வு நேரத்தில் தான் படித்த ஆங்கில நாவல்களின் கதையை மனைவிக்கு மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலியின் நாவல் ஒன்றை எழுத்திலேயே மொழிபெயர்க்க முயன்றார், சரிப்படவில்லை. அந்நிய தேசத்து ஆசாரமும் காதலும் நம் பாஷையில் ஒட்டவில்லை என்று கண்டு, சொந்தமாகவே எழுத உட்கார்ந்துவிட்டார். முதல் பதிப்பு மூன்று மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. மலபாரில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டூமர்க் என்ற வெள்ளைக்காரர் 1890லேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய நாயர் தரவாடு. அதன் காரணவர் பஞ்சு மேனோன், மகா முன்கோபி. அவருடைய பேத்தி இந்துலேகா ஆங்கிலம், சம்ஸ்கிருதம், சங்கீதம் எல்லாம் படித்தவள். அதே தரவாட்டுப் பையன் மாதவன் சென்னையில் பி.ஏ., பி.எல். படித்தவன். இருவருக்கும் பிரியம். தரவாட்டுச் சிறுவன் ஒருவனைச் சென்னைக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைக்க வேண்டும் என்று மாதவன் பிடிவாதம் பிடிக்க, கிழவருக்குக் கோபம் தலைக்கேறி, இந்துலேகாவை அவனுக்குக் கொடுப்பதில்லை என்று சபதம் செய்துவிடுகிறார். பிறகு சூரி நம்பூதிரிப்பாடு என்ற பெரும் பணக்காரரை வரவழைக்கிறார். பணமும் குலமும் உண்டு; புத்தி மட்டும் இல்லை. பல்லக்கில் ஜரிகையும் தங்கமுமாக ஜொலித்துக்கொண்டு வந்து இறங்குபவரை இந்துலேகா நாலு வார்த்தையில் மட்டம் தட்டி அனுப்பிவிடுகிறாள்.

நம் கூட்டத்தாரும் இதில் வருகிறார்கள். மலபாரில் நம்மவர்களை 'பட்டர்' என்பார்கள். சீனு பட்டர், சங்கர சாஸ்திரி என்று பாத்திரங்கள். அந்தக் காலத்தில் நாயர் வீடுகளில் 'சம்பந்தம்' வைத்துக்கொண்டவர்கள் நம்பூதிரிகள் மட்டுமல்ல, பட்டர்களும்தான். இதை நம் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். நடந்தது நடந்ததுதானே. இந்துலேகா நம்பூதிரிப்பாட்டுக்கு மனைவியாகிவிட்டாள் என்று பரவிய பொய் வதந்தியை மாதவன் நம்பியதற்குக் காரணம் ஒரு சாஸ்திரியின் வார்த்தை! அதன் பிறகு அவன் விரக்தியில் பம்பாய், கல்கத்தா என்று சுற்றுகிறான்.

பம்பாயில் நடக்கும் 18வது அத்தியாயத்தைப் பலரும் புரட்டித் தள்ளிவிடுவார்கள். தகப்பனாரும் பிள்ளையும் உறவினரும் நாஸ்திகம் பற்றியும் காங்கிரஸ் பற்றியும் பக்கம் பக்கமாகத் தர்க்கம் செய்கிறார்கள். டார்வின் பெயரும் அடிபடுகிறது. பி.எஸ்ஸி. படித்தவன் என்பதால் நான் அதை ரசித்தேன். கதைக்கு அது தேவையா என்றால் இல்லைதான்.

என்னைப் பெரிதும் யோசிக்க வைத்தது ஆரம்பத்தில் வரும் ஒரு வாக்குவாதம். மலையாளப் பெண்கள் நினைத்தபோது புருஷனை மாற்றலாம், ஆகவே அவர்களுக்குப் பதிவிரதா தர்மம் இல்லை என்று மாதவன் கிண்டல் செய்கிறான். இந்துலேகா சீறுகிறாள். பிடித்தவரை வரிக்கவும் பிடிக்காதவரை விலக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தால் அது ஒழுக்கக்கேடு ஆகிவிடுமா என்பது அவள் கேள்வியின் சாரம்.

இது கதைக்காக எழுதிய வாதம் மட்டும் அல்ல. சம்பந்தம் சட்டப்படி விவாகமே அல்ல என்பதுதான் அன்றைய கோர்ட்டுகளின் நிலைப்பாடு. மருமக்கத்தாய முறையில் தகப்பன் சொத்தில் பிள்ளைக்கு உரிமை இல்லை. இதை மாற்ற 1890ல் சி. சங்கரன் நாயர் சென்னை சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1891ல் சர்க்கார் மலபார் விவாகக் கமிஷனை நியமித்தது. தலைவர் யார் தெரியுமா? சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, நம் தஞ்சாவூர் ஜில்லா சர் டி. முத்துசாமி ஐயர். அங்கத்தினர்களில் ஒருவர் சந்து மேனோன்! சம்பந்தம் என்பது வழக்கத்தால் நிலைபெற்ற உண்மையான விவாகமே என்று அவர் தனிக்குறிப்பு எழுதி வைத்தார். கதாநாயகியின் வாயில் வைத்த வாதத்தை இரண்டே வருஷத்தில் கமிஷன் முன்பும் வைத்துவிட்டார். கடைசியில் 1896ல் மலபார் விவாகச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொள்வது அவரவர் இஷ்டம்; அதனால் மிகச் சிலரே பதிவு செய்தார்கள். சரியான சட்டம் வர 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை முடிவு சுபம்தான். வதந்தி பொய் என்று தெரிந்து மாதவன் திரும்புகிறான். கிழவரின் சபதத்துக்கு என்ன பரிகாரம்? சபத அட்சரங்களைத் தங்கத்தில் செய்து பிராமணர்களுக்குத் தானம் கொடுத்து விடுகிறார்கள். நம் சாஸ்திரத்தில் வழி இல்லாத சிக்கலே கிடையாது!

போன வருஷம் இந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கண் சரியில்லாத என் தங்கைக்குத் தினமும் மாலையில் போனில் ஓர் அத்தியாயம் தமிழில் சொல்லி வந்தேன். சந்து மேனோன் மனைவிக்குச் செய்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பூதிரிப்பாடு அவமானப்பட்டுப் போகும் இடத்தில் நன்றாகச் சிரித்தாள். வெறுங்கையோடு போக வெட்கப்பட்ட அவர், அதே தரவாட்டில் கல்யாணிக்குட்டி என்ற 13 வயதுச் சிறுமியைச் சம்பந்தம் செய்துகொண்டு, பொழுது விடியுமுன் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இந்துலேகாவுக்குத் தெரிந்த இங்கிலீஷும் தர்க்கமும் அந்தக் குழந்தைக்குத் தெரியாது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சில நாள் மாதவன் கல்கத்தாவில் படும் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை இடைமறித்து, "அண்ணா, அந்தக் கல்யாணிக்குட்டி என்ன ஆனா?" என்றாள். அவளைப் பற்றி ஆசிரியர் அதிகம் கவலைப்படவில்லை என்றேன். "நீங்களும் அப்போ கவனிக்கலையா?" என்றாள். இல்லை. அகராதி வைத்துப் படித்தும் அந்த இடத்தைச் சிரித்துக்கொண்டேதான் கடந்திருந்தேன்.

1975ல் இவள் பி.எஸ்ஸி. ரசாயனம் முதல் வகுப்பில் தேறி எம்.எஸ்ஸி. சேர மனு வாங்கி வைத்திருந்தாள். நான் டில்லியில் உத்தியோகத்தில் இருந்தேன். வரன் வந்திருக்கிறது, உன் அபிப்பிராயம் என்ன என்று அப்பா எனக்குக் கார்டு போட்டார். ஜாதகம் பொருந்தியிருந்தால் தாமதிக்க வேண்டாம் என்று மறுநாளே பதில் எழுதினேன். அவளுக்குத் தனியாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம்தான். அது வேறு விஷயம்.

போனில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மனு ரொம்ப நாள் பெட்டியிலேயே இருந்தது, அண்ணா. சரி, மாதவன் கதையைச் சொல்லுங்கோ" என்றாள்.