அழுக்கா, அடையாளமா? வத்திராயிருப்பு முதல் ஜெராக்ஸ் வரை

சோழபுரம், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் தேரைப் பார்ப்பார்கள், பால்கோவா வாங்குவார்கள். அந்த ஊரில் பள்ளிக்கூடம் படித்த ஒருவர் ராமன் விளைவின் பங்காளி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன். 1898-ல் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர்.

1923-ல் கல்கத்தாவில் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். அதே ஆண்டு அங்கே கே.ஆர்.ராமநாதன், நீரில் சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றையும் கண்டார். முதலில் வந்த சந்தேகம், திரவத்தில் ஏதோ அழுக்கு என்பதே. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவார்களே, அது மாதிரி! ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. 1925-ல் கிருஷ்ணன் 60-க்கும் மேற்பட்ட சுத்தமான திரவங்களை ஆராய்ந்தார். பலவற்றில் அதே ஒளி. 1928 பிப்ரவரியில் விடை கிடைத்தது. அது அழுக்கு அல்ல, மூலக்கூறுகளின் அடையாளம்! மார்ச் 31 'நேச்சர்' இதழில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 1930 நோபல் பரிசு மட்டும் ராமன் ஒருவருக்கே.

மூலக்கூறுகளின் அதிர்வை அகச்சிவப்புக் கதிராலும் பார்க்கலாம். இங்கே கதை தலைகீழ். செலினியம் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 எந்திரத்தின் உருளையில் பூசியிருந்தது செலினியம்தான். இருட்டில் அது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்காவிட்டால் நகல் கெட்டுவிடும். பத்து லட்சத்தில் சில பங்கு ஆக்சிஜன் கலந்தாலே அதன் மின்கடத்தும் தன்மை மாறிவிடும். இவ்வளவு சின்ன அழுக்கை எப்படிப் பிடிப்பது?

கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் செலினியம் அகச்சிவப்புக்கு நல்ல ஜன்னல். கனமான செலினிய அணுக்கள் தங்களுக்குள் மெதுவாக அதிரும். லேசான ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டால் அந்தப் பிணைப்பு வேகமாக அதிர்ந்து, சுமார் 11 மைக்ரான் அருகே கதிரை உறிஞ்சும். ஜன்னலில் விழும் அந்தப் பள்ளம்தான் சாட்சி. 1970 வாக்கில் ஆய்வாளர்கள் இப்படித்தான் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தார்கள்.

ஓரிடத்தில் அழுக்கென்று நினைத்தது உண்மை. இன்னோரிடத்தில் அழுக்கே உண்மை. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: பொருளைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பார்ப்பது. கிருஷ்ணன் 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார், 1961-ல் மறைந்தார். அடுத்த முறை நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கும்போது வத்திராயிருப்புக்காரரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!