இணையவழி வீடு, காணி விளம்பரத் தளங்களின் எல்லைகள்: மாவடிப்பள்ளி

வீடு அல்லது காணி விற்பவரையும் வாங்குபவரையும் தரகரையும் ஒரே திரையில் சந்திக்க வைப்பவை இணையவழி விளம்பரத் தளங்கள். இலங்கையில் லங்கா ப்ரொப்பர்ட்டி வெப் 2007இலும் இக்மன் 2012இலும் தொடங்கின. கொழும்பில் தொடர்மாடி வீடு தேடுபவருக்கு இவை மிகுந்த பயன் தருகின்றன. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் நிலைமை வேறு. அங்கு ஒரு வளவின் பெறுமதியை முடிவுசெய்யும் செய்திகளில் பெரும்பாலானவை விளம்பரத்தில் இடம்பெறுவதே இல்லை.

மாவடிப்பள்ளி, அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த முஸ்லிம் கிராமம். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் பிரதான வீதியில், வயல்களுக்கும் தாழ்நிலங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. இத்தகைய சிறிய ஊர்களின் காணிகள் தளங்களில் பெரும்பாலும் அருகிலுள்ள நகரத்தின் பெயரிலேயே தேடப்படுகின்றன. வளவு எந்த ஒழுங்கையில் இருக்கிறது, மழைக்காலத்தில் அந்த ஒழுங்கையால் நடக்க முடியுமா என்பது அந்தத் தேடலில் தெரியாது.

சந்தைக்கு வராத வீடுகள்

இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போகிறது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீடும் பேசப்படுகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வுசெய்து 2008இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் விரிவாகப் பதிந்திருக்கிறார். ஆகவே நல்ல இடத்திலுள்ள வீடு விற்பனைக்கு வருமுன்பே நன்கொடை உறுதியாக மகள் பெயருக்கு மாறிவிடுகிறது. குடும்பத்துக்கு வெளியே போவதானாலும் பள்ளிவாசலிலோ தேநீர்க்கடையிலோ சொன்ன வார்த்தையில் ஆள் கிடைத்துவிடும். தளத்தில் தெரியும் காணிகளை மட்டும் வைத்து ஊரின் சந்தையை அளப்பவர் அதன் ஓரத்தை மட்டுமே காண்கிறார்.

சீதன வீட்டை வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நன்கொடை எழுதும் பெற்றோர் பல வேளைகளில் சீவிய உரித்தை, அதாவது தாம் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, தமக்கென வைத்துக்கொள்வார்கள். மகள் கையொப்பமிட்டு விற்றாலும் அந்த உரித்து அழியாது. பெற்றோரும் உறுதியில் ஒப்பமிட்டு அதை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று படுக்கையறை, குழாய்க்கிணறு, ஓட்டுக்கூரை என்று விவரிக்கும் விளம்பரத்தில் இதற்கு இடமில்லை.

உறுதி எழுதாமல் இறந்தவரின் காணியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமைபேறு கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவர் எந்த மத்ஹபை, அதாவது எந்த இஸ்லாமியச் சட்ட மரபைச் சேர்ந்தவரோ அந்த ஷரீஅத் விதிப்படியே பங்கு பிரிகிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. ஆக, ஒரு வளவு பத்துப் பேரின் பிரிபடாத பங்காக இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் கட்டாரில் இருப்பார், இன்னொருவர் வயதுக்கு வராதவராக இருப்பார். தளத்தில் படம் போட்டவர் அந்தப் பத்தில் ஒருவராக மட்டும் இருந்தால், அவரால் விற்க முடிவது தம் பங்கை மட்டுமே.

உரித்து எங்கே தெரியும்

இலங்கையில் காணி உரித்தைத் தேடும் இடம் காணிப் பதிவகம். இக்கரையோரத்துக்கு அது கல்முனையில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கு பதியப்படுவது ஆவணம். உரித்துக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் சட்டத்தரணிகள் முப்பது ஆண்டு ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டி, ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உரித்தையே பதியும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் வந்த ‘பிம் சவிய’ திட்டமும் நாடு முழுவதையும் இன்னும் எட்டவில்லை. விளம்பரத்திலுள்ள ‘தெளிவான உறுதி’ என்ற சொல் விற்பவரின் கூற்று மட்டுமே; யாரும் சரிபார்த்த தகவல் அல்ல.

அட்வான்ஸ் விடயத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு, இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி ஒப்பமிடப்பட்டால்தான் செல்லும். வட்ஸ்அப்பில் விலை பேசி வங்கிக்கு முற்பணம் அனுப்பியவரால் அந்த உரையாடலைக் காட்டிக் காணியைக் கோர முடியாது.

உறுதிக் காணி, பெர்மிட் காணி என்ற வேறுபாடும் பெரிது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது.

நீரும் நிரப்பிய வயலும்

மாவடிப்பள்ளியில் காணி வாங்குபவர் எதையும் விட முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை இவ்வூர் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் மாண்டார்கள். கோடையில் எடுத்த புகைப்படத்தில் அதே வீதி காய்ந்து அகன்று கிடக்கும். எந்தத் தளமும் வெள்ளம் நின்ற மட்டத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரிலுள்ள சேற்றுக் கறை அதைச் சொல்லும்.

வீட்டு நிலம் நெருக்கடியான இக்கரையில் வயலை நிரப்பி, பேர்ச் கணக்கில் துண்டாடி விற்கிறார்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடைசெய்கிறது. மண் போட்டு மட்டமாக்கிய துண்டு படத்தில் வீட்டுக் காணியாகவே தோன்றும். கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் அது இன்னும் வயலாக இருக்கலாம். அப்படியிருந்தால் அங்கு வீடு கட்ட அனுமதி கிடைப்பது கடினம், வங்கிக் கடனும் தடைப்படும். நிரப்பிய வயல் வெள்ளம் வடியும் வழியையும் அடைக்கிறது. அதனால் அந்தத் துண்டை வாங்கியவரோடு அயலவரும் நீரில் நிற்கிறார்கள்.

விலையும் விற்பவரும்

தளத்தில் தெரிவது கேட்கும் விலை. முடிந்த விலை உறுதியில் இருக்கிறது, தளத்தில் இல்லை. விற்பனை விலைகள் விரிவாகப் பதிவாகும் அமெரிக்காவிலேயே, கணினி மதிப்பீட்டை நம்பி வீடுகளை வாங்கி விற்ற ஜில்லோ நிறுவனம், விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. சில விளம்பரங்களை வைத்து மாவடிப்பள்ளிக்குப் பேர்ச் விலை சொல்வது அதைவிடப் பலவீனமானது. ஒரே வளவை மூன்று தரகர்கள் மூன்று விலையில் போடுவதும், விற்ற பின்னும் விளம்பரம் நீக்கப்படாமல் கிடப்பதும் அந்தக் கணக்கை மேலும் குழப்புகின்றன.

விற்பவருக்கும் இழப்புண்டு. சிறிய ஊரில் வீட்டைப் பகிரங்கமாக விலைக்குப் போட்டால் கடன் என்றும் குடும்பத் தகராறு என்றும் பேச்சு எழுகிறது. அதைக் கேட்டவர் விலையைக் குறைத்தே கேட்பார். மகளுக்கு வரன் பேசும் வேளையில் அந்தப் பேச்சு இன்னும் பாரமாகிறது. பலர் தளத்தைத் தவிர்ப்பதற்கு இதுவே போதிய காரணம்.

வளைகுடாவில் உழைப்பவர்களுக்குத்தான் தளம் உண்மையில் கண் திறந்துவிட்டது. லீவு கிடைக்குமுன்பே ஊர்க் காணிகளைப் பார்க்க முடிகிறது. அவர்கள் அற்றோணித் தத்துவம் கொடுத்து ஊரிலுள்ளவர் மூலம் வாங்குவதானால், பத்திரத்தில் எந்தக் காணி, எந்த விலைவரை என்பதைக் குறித்துவிடுவது நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை அது தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்களிக்கிறது.