பெயர் நிலைத்தவர்



நாற்பது வயதைக் கடந்தபின் வேதப்புத்தகத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து வாசிக்கிறீர்களா? கண்ணின் வில்லை இறுகி, நெகிழும் தன்மையை இழப்பதே காரணம்.

1306-ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் பிரசங்கித்த ஜியோர்தானோ என்னும் துறவி, மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை என்றார். அதை முதலில் செய்தவர் அதன் நுட்பத்தைப் பிறருக்கு அறிவிக்க மனமில்லாதிருந்தார் என்று பீசா நகர மடமொன்றின் நாளாகமம் கூறுகிறது. அம்மடத்துத் துறவியான அலெசாந்திரோ தெல்லா ஸ்பீனாவோ, தாமே அதைச் செய்து, மகிழ்ச்சியோடு யாவருக்கும் பகிர்ந்தளித்தார். 1313-இல் அவர் மரித்தார். மறைத்தவரின் பெயர் அந்நூலில் இல்லை. பகிர்ந்தவரின் பெயர் நிலைத்திருக்கிறது.

ஆகையால் கண்ணாடி அணிய வெட்கப்படாதிருங்கள். எழுத்து மங்கியதால் வேதத்தை மூடிவைத்த முதியவர் எவரேனும் உங்கள் அருகில் உண்டானால், இவ்வாரமே அவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.