காலியான கொட்டடிக்கு யார் வருவார்?

லண்டன் மிருகக்காட்சிசாலையின் மேப்பின் டெரசஸ், முதல் உலகப்போர் தொடங்கவிருந்த நாட்களில் கரடிகளுக்காக கான்கிரீட்டில் எழுப்பிய செயற்கை மலை. பின்னாளில் கரடிகள் போயின. பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்றே, மலையை இடிக்க முடியுமா? அடிவாரத்தில் ஆஸ்திரேலிய வல்லபிகளும் ஈமுக்களும் குடியேறின.

1965இல் யானைகளுக்கும் காண்டாமிருகங்களுக்கும் திறந்த காசன் கட்டடத்திலும் இதே கதைதான். 2001இல் யானைகள் விசாலமான விப்ஸ்னேடு விலங்குப் பூங்காவுக்குப் போக, ஒட்டகங்களும் தாடிப் பன்றிகளும் உள்ளே வந்தன.

பென்குவின் குளத்துக்குத்தான் பொருத்தமான ஆள் அமையவில்லை.

1934இல் கட்டடக் கலைஞர் லுபெட்கின் வடிவமைத்தது அது. ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு வெள்ளைச் சரிவுப் பாதைகளில் பறவைகள் தத்தித் தத்தி நடப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கான்கிரீட் தரையோ பாதங்களைப் புண்ணாக்கியது. 2004இல் பென்குவின்கள் இடம் மாறின. முதல்தர பாதுகாப்புச் சின்னம் என்பதால், வேறொரு விலங்குக்கு ஏற்றபடி குளத்தை வெட்டவோ ஆழமாக்கவோ எளிதில் அனுமதி கிடைக்காது.