மறியல்: ஒரு சொல், இரண்டு பக்கம்

கடலூர்–சிதம்பரம் ரோட்டில் பஸ்ஸை மறித்து உட்கார்ந்தால் அதை 'சாலை மறியல்'னு சொல்றோம். யாழ்ப்பாணத்தில் மறியல்னா சிறை; 'விளக்கமறியல்' என்றால் விசாரணைக் கைதியாகக் காவலில் இருப்பது. வேர் ஒண்ணுதான்: மறி, அதாவது தடு. இங்கே எதிர்ப்பவர் வழியைத் தடுக்கிறார். அங்கே அரசு ஆளையே தடுத்து வைக்கிறது.

கடலூர் அஞ்சலை அம்மாள் இரண்டையும் பார்த்தவர். 1927ல் சென்னையில் நீல் சிலையை அகற்றச் சொல்லி மகள் அம்மாக்கண்ணுவோடு போராடினார்; இருவருக்குமே சிறை கிடைத்தது.

1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். எதிர்ப்பவருக்குக் கிடைத்த அந்தப் பதில் மறியலின் இரண்டு அர்த்தத்திலும் அடங்காது.