ஏற்காட்டுல `லேடீஸ் சீட்' இருக்கு... ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கா?

ஏற்காடு போனவங்களுக்கு லேடீஸ் சீட் தெரியாம இருக்காது. மலை விளிம்பில் நின்று எட்டிப்பார்த்தால், கீழே வளைந்து வளைந்து இறங்கும் சாலை, அதைத் தாண்டி சேலம் நகரம். ராத்திரியில் ஊர் முழுக்கப் புள்ளிக்கோலம் போட்ட மாதிரி விளக்குகள். நாம ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிடக் கிளம்பிடுவோம். ஆனா, சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் பிளஸ் டூ பயாலஜி படிக்கிற பொண்ணுக்கு அந்த விளக்குகளின் அர்த்தமே வேற. மேலே படிக்கணும்னா இறங்கிப் போகவேண்டிய ஊர் அது. 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 30 கிலோமீட்டர்.

இறங்கிவிட்டால் படிப்புக்குக் குறைவில்லை. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கு. பெரியார் பல்கலைக்கழகத்தில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி எல்லாம் இருக்கு. இந்த வகுப்புகளில் பெண்கள் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால், நோய்களையும் மருந்துகளையும் ஆராய்கிற வேலைக்குப் போகும்போது அந்தக் கூட்டம் கரைந்துவிடுகிறது. உலக அளவில் எல்லாத் துறை ஆராய்ச்சியாளர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பெண்கள் என்கிறது யுனெஸ்கோ. இந்தியாவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

நடுவில் எங்கே காணாமல் போகிறார்கள்? `கல்யாணம், குழந்தை' என்று ஒரே வரியில் சொல்லி முடிச்சிடுவாங்க. உண்மையில் அது இன்னும் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கு. சென்னையில் நடந்த ஒரு கதையைக் கேட்டால் புரியும்.

ஒரு ஸ்கூட்டர், ஒரு ஃப்ரிட்ஜ்

1985-ன் இறுதி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு சின்னக் குழந்தைகளின் அம்மா. சிறு நகரம் ஒன்றில், கட்டுப்பெட்டியான குடும்பத்தில் வளர்ந்தவர். ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தவரிடம், `எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பாரேன்' என்ற யோசனையை முன்வைத்தவர் அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். `அது மேல்நாட்டு வியாதி, நம்ம ஊருக்கு வராது' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கும் தயக்கம்தான். `செய்' என்று தைரியம் சொன்னவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

200 ரத்த மாதிரிகள் வேண்டும். பாலியல் தொழில் வழக்கில் கைதாகி, ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத பெண்கள் அடைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்துக்கு நிர்மலா தினமும் போனார். பஸ் காசு மிச்சமாகட்டும் என்று கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் அங்கே மட்டும் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. தற்காலிகமாக அமைத்துக்கொண்ட ஒரு சின்ன லேபில் சுனிதியும் நிர்மலாவும் ரத்தத்திலிருந்து சீரம் பிரித்தார்கள். அதைப் பாதுகாத்துவைக்கத் தனி இடமில்லை. எங்கே வைத்தார் தெரியுமா? வீட்டு ஃப்ரிட்ஜில்!

சென்னையில் அந்தப் பரிசோதனைக்கு வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில், சேகரித்ததை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஜேக்கப் ஜானின் வைராலஜி குழு பரிசோதித்தது. நடுவில் கரன்ட் போய்விட, எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதல்முறையாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான். அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்து உறுதியானபின், மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதாரத்துறை அமைச்சர் ஹண்டே அதை அறிவித்தார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நிர்மலா, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றார். சுனிதி 1993-ல் ஒய்.ஆர்.ஜி கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் இறக்கும்வரை ஹெச்.ஐ.வி நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். 2017-ல் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பத்மஸ்ரீ. நிர்மலா என்ற பெயர் பலருக்குத் தெரியவந்ததே 2016-ல் பி.பி.சி அவரைப் பற்றி எழுதிய பிறகுதான். கிட்டத்தட்ட 30 வருஷம்!

இந்தக் கதையில் என்னை உறுத்துவது இன்னொன்று. எதற்கான சோதனை என்று அந்தக் காப்பகப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதற்கு அனுமதி தராது. மருத்துவ ஆராய்ச்சியில் சமத்துவம் என்பது கோட் போட்டவர்களுக்கு மட்டுமானதில்லை, ஊசிக்குக் கை நீட்டுபவர்களுக்கும்தான்.

இப்போது யோசிங்க. ஸ்கூட்டர் ஓட்ட அந்தக் கணவர் இல்லையென்றால்? தலைப்பு தந்த பேராசிரியர் இல்லையென்றால்? நிர்மலாவின் திறமை அப்படியேதான் இருந்திருக்கும். கண்டுபிடிப்பு இருந்திருக்காது.

மலையிலும் ஒரு லேப் இருந்தது

`சேலம், சென்னைன்னு இறங்கிப் போனாதானே ஆராய்ச்சி' என்று தோன்றலாம். நம்ம மாநிலத்தின் இன்னொரு மலையில், குன்னூரில், ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். 1940-களில் அங்கே உதவி இயக்குநராக இருந்தவர் கமலா. 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பெண் என்பதால் இடம் தர சர் சி.வி.ராமன் மறுத்தார். விடாமல் போராடி, ஒரு வருஷம் தகுதிகாண் மாணவியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உள்ளே போனவர் கமலா. 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். அப்பேர்ப்பட்டவரே 1947-ல் திருமணம் முடிந்ததும் குன்னூர் வேலையை விட்டு மும்பைக்குப் போனார். அங்கே மீண்டும் ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டார் என்பது ஆறுதல். கமலா சோஹோனி என்று கூகுள் செய்து பாருங்க.

அந்தக் காலத்தில் குடும்பமும் அதிர்ஷ்டமும் ஒத்துழைத்தால் உண்டு. இன்று அதில் சிலவற்றை விதிகளாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பிரச்னை, பல மாணவிகளுக்கு அது தெரிவதில்லை. யாரும் தேடிவந்து சொல்வதும் இல்லை.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால், கல்லூரியில் இளநிலைப் படிப்பு முடியும்வரை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். மலைக்கு மேலிருந்து வரும் பெண்ணுக்கு இது பஸ் செலவு, நெட் ரீசார்ஜ் செலவு. சின்னத் தொகைன்னு நினைக்காதீங்க.

முதுகலை முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. `வயசாயிடுச்சு'ன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

பிஹெச்.டி-யில்தான் நிறைய பேர் நழுவுகிறார்கள். யு.ஜி.சி-யின் 2022 விதிகளின்படி, ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தரலாம். மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு, மொத்தப் படிப்புக்காலத்தில் 240 நாள் வரை. மத்திய அரசின் ஃபெல்லோஷிப்பில் இருந்தால் மகப்பேறு விடுப்பிலும் தொகை முழுசா வரவேண்டும். `விடுப்பெல்லாம் கைடு மனசு வெச்சாதான்' என்று சீனியர் சொன்னால், விதியைப் பிரின்ட் எடுத்து நீட்டுங்க.

இடையில் சில வருஷம் விட்டுப்போச்சா? அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் என இரண்டு திட்டங்கள் பெண்களுக்கென்றே இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்தபின், சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்கணும். வாயிற்கூட்டத்தில் கொடிபிடித்துக் கேட்கவேண்டியதில்லை, ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போதும்.

களப்பணிக்காக மலைக் கிராமத்துக்குப் போகும்போது ஜீப்பில் யாராவது அத்துமீறினால், அதுவும் `பணியிடம்'தான். 2013 சட்டம் பயணத்தையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். மாணவிகளுக்கும் இதே போன்ற பாதுகாப்பை யு.ஜி.சி-யின் 2015 விதிகள் தருகின்றன.

எந்த லேபிலும் சேர்வதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே படித்த பெண்கள் இரண்டு பேரிடம் போனில் பேசுங்க. எத்தனை பேர் முடிச்சாங்க, ஆய்வுக்கட்டுரையில் பெயர் எந்த இடத்தில் வந்தது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் லேபிலிருந்து ஹாஸ்டலுக்கு எப்படிப் போனாங்க என்று கேளுங்க.